மேந்தோன்னியின் பிடி

மேந்தோன்னிக் கொடியை ரசிக்கப் பூ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இலையே போதும்.

இடவப்பாதி மழை இறங்கிச் சில வாரங்கள் கழிந்தபின், மார்த்தாண்டத்திலிருந்து சிதறால் பக்கமோ திற்பரப்பு பக்கமோ போகிறவர்கள் வழியோரம் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ரப்பர் தோட்டத்தின் ஓரம், கையாலையின் மேல், கொல்லாமரத்தின் அடியிலுள்ள புதர் என்று எங்காவது ஓரிடத்தில் அது ஏறிக்கொண்டிருக்கும். மெல்லிய பச்சைத் தண்டு, வழவழப்பான நீண்ட இலைகள். இலை நுனியை நோக்கிப் போகப்போக ஒடுங்கும். ஈர்க்கு அளவாகி, நூல் அளவாகி, கடைசியில் ஒரு சுருளாக முடியும். பக்கத்தில் காய்ந்த குச்சியோ புல்லோ இருந்தால், அந்தச் சுருள் அதை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும்.

கொடிகள் ஏறுவதற்குப் பல வழிகள் உண்டு. நம் ஊர் நல்லமிளகு கணுவுக்குக் கணு வேர்விட்டு மரத்தில் ஒட்டிக்கொள்ளும். அவரை தன் தண்டையே கம்பில் சுற்றும். பாகலும் புடலையும் ஏறுவதற்கென்றே தனியாகப் பற்றுக்கம்பிகளை விடும். மேந்தோன்னி தனி உறுப்பு எதையும் செய்யவில்லை; உணவு சமைக்கிற இலையையே கையாகவும் வைத்துக்கொண்டது. இலையின் அகன்ற பகுதி வெயிலைப் பிடிக்கிறது, நுனி குச்சியைப் பிடிக்கிறது.

தொட்ட பொருளை நோக்கி வளையும் இந்தக் குணத்துக்குத் தொடுநாட்டம் என்று பெயர். நுனியின் உட்பக்கத்தில் ஏதாவது பட்டால், அந்தப் பக்கத்து வளர்ச்சி மட்டுப்படும், வெளிப்பக்கம் வேகமாக நீளும். வளைவில் திரும்பும் பேருந்தின் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓடியாக வேண்டும் அல்லவா? இங்கே வெளிப்பக்கம் அதிகம் ஓடுவதால்தான் வளைவே பிறக்கிறது. நரம்பும் தசையும் இல்லாத ஓர் உயிர், வளர்ச்சியின் வேக வித்தியாசத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குச்சியைக் கைப்பற்றிவிடுகிறது. சார்லஸ் டார்வின் 1865-ல் கொடிகளின் அசைவுகளைப் பற்றி வெளியிட்ட நீண்ட ஆய்வில் இந்த இனத்துச் செடி ஒன்றையும் சேர்த்தார். இலை நுனியின் கொக்கிக்குத் தொடுவுணர்வு இருப்பதை அவர் சோதித்துப் பார்த்தார்.

இன்னொரு சங்கதியையும் கவனியுங்கள். மண்ணிலிருந்து இப்போதுதான் எழுந்த தண்டின் கீழ் இலைகளில் சுருள் இருக்காது. அந்த உயரத்தில் தண்டு தன் காலிலேயே நிற்கும், பிடி தேவையில்லை. மேலே ஏற வேண்டிய கட்டம் வரும்போதுதான் இலைகளுக்கு விரல் முளைக்கிறது.

மார்த்தாண்டம் வட்டாரத்தில் மலையாளமும் தமிழும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும். மேந்தோன்னி மலையாள வாய்மொழிப் பெயர். தமிழில் இதற்குச் செங்காந்தள், கார்த்திகைப்பூ, கண்வலிப்பூ, கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று பல பெயர்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் நோகும் என்ற நம்பிக்கையில் கண்வலிப்பூ வந்தது. கார்த்திகை மாதத்தில் பூப்பதால் கார்த்திகைப்பூ. கொச்சியில் டச்சுக்காரர் வான் ரீடு தொகுக்கவைத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ நூலில் இதே கொடி ‘மெந்தோனி’ என்ற பெயரோடு படமாக இருக்கிறது. 1753-ல்தான் லின்னேயஸ் அதற்குக் குளோரியோசா சூப்பர்பா என்று அறிவியல் பெயர் வைத்தார்.

அதற்கும் வெகு காலம் முன்பே கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியபோது செங்காந்தளை முதலில் வைத்தார். அதே அடுக்கில் தோன்றி என்றொரு பூவும் வருகிறது. செடி அறிந்த தமிழாய்வாளர்கள் அந்தப் பெயரையும் இந்தக் கொடியோடு பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். மேந்தோன்னியைச் சற்று நிதானமாகச் சொல்லிப் பார்த்தால் உள்ளே தோன்றி கேட்கிறது. எனக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தெரியவில்லை. ஏனென்றால் இந்தச் செடி வருடத்தில் பல மாதம் கண்ணில் படுவதே இல்லை. கோடையில் தண்டும் இலையும் காய்ந்து உதிர்ந்து, அந்த இடத்தில் அப்படி ஒன்று இருந்த சுவடே இராது. மழை வந்ததும் திடீரென்று தோன்றும்.

தோன்றுவதற்கு முன் அது இருக்கும் இடம் மண்ணுக்கடியில். அங்கே ஒரு கிழங்கு, ஆங்கில எழுத்து ‘வி’ வடிவில் இரண்டு கைகளாகப் பிரிந்து கிடக்கும். ஏர் பிடித்தவர்களுக்கு அது கலப்பையாகத் தெரிந்தது. கலப்பைக்கிழங்கு என்ற தமிழ்ப் பெயரும், லாங்கலி என்ற வடமொழிப் பெயரும் ஒரே உருவத்தைச் சொல்கின்றன. லாங்கலம் என்றால் கலப்பை. முளைக்கும் மொட்டு கிழங்கின் கைநுனியில் இருக்கிறது. மழையில் அந்த நுனியிலிருந்து தண்டு எழும். பழைய கிழங்கு தன்னிடமிருந்த மாவை எல்லாம் அந்தத் தண்டுக்குக் கொடுத்துச் சுருங்கிப் போகும். தண்டின் அடியில் புதிய கிழங்கு திரளும். அடுத்த வருடத்து மொட்டு அந்தப் புதிய கிழங்கின் நுனியில். ஆக, போன வருடம் நின்ற அதே இடத்தில் இந்த வருடம் செடி நிற்பதில்லை. ஒரு கிழங்கின் நீளம் நகர்ந்திருக்கிறது. வருடத்துக்கு ஓர் எட்டு வைத்து, மண்ணுக்கடியில் நடந்துகொண்டே இருக்கிறது.

இனி பூ.

மொட்டு பச்சையாக, தலை கவிழ்ந்து தொங்கும். விரியத் தொடங்கியதும் ஆறு இதழ்களும் கீழ்நோக்கி மலராமல் பின்பக்கமாக மடிந்து மேலே எழும். காற்றில் குடை திரும்பிக்கொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரம் நெளிநெளியாக அலைபாயும். பச்சை மஞ்சளாகும், மஞ்சளின் நுனியில் சிவப்பு ஏறும், சில நாட்களில் சிவப்பு முழுவதையும் விழுங்கிவிடும். ஒரே கொடியில் மேலிருந்து கீழாக வெவ்வேறு வயதுப் பூக்கள் நிற்பதால், அடுப்புத் தீயின் எல்லா நிறங்களும் ஒரே சமயத்தில் எரிவது போலிருக்கும். பழைய புலவர்கள் இந்த இதழ்களைப் பெண்களின் கைவிரல்களுக்கு ஒப்பிட்டுத் தீரவில்லை. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுதான். ஆப்பிரிக்காவிலும் இது இயல்பாக வளர்கிறது. சிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே.

இதழ்கள் எல்லாம் மேலே போய்விட்டன. அப்படியானால் மகரந்தம் எங்கே? கீழே. ஆறு மகரந்தத் தாள்களும் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல வெளிப்பக்கமாக விரிந்து நிற்கும். நடுவிலிருக்கும் சூலகத்திலிருந்து நேராகக் கீழே இறங்க வேண்டிய சூல்தண்டோ, அடியிலேயே ஒடிந்ததுபோல் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் திரும்பிப் பக்கவாட்டில் நீண்டிருக்கும். முதல் முறை பார்க்கிறவர்கள் பூ அடிபட்டுவிட்டது என்றே நினைப்பார்கள்.

அடிபடவில்லை. அந்தக் கோணலுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. தேன் இருப்பது ஒவ்வோர் இதழின் அடியிலும். தேனுக்கு வரும் பெரிய வண்ணத்துப்பூச்சி அங்கே வாய்க்குழலை நீட்டிக்கொண்டு சிறகடிக்கும்போது, அதன் உடம்பு பூவின் நடுவில் படுவதில்லை. விரிந்த சிறகுகள்தாம் வெளிவட்டத்தில் நிற்கும் மகரந்தப் பைகளை உரசுகின்றன. அதே வட்டத்தில், அதே தூரத்தில், பக்கவாட்டில் நீட்டிய சூல்முடி காத்திருக்கிறது. ஒரு பூவில் சிறகில் ஏறிய தூள் அடுத்த பூவின் சூல்முடியில் இறங்குகிறது. தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இதை அங்குள்ள காட்டுச்செடிகளில் ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். பூச்சியின் முதுகிலோ தலையிலோ மகரந்தம் பூசும் பூக்கள் ஏராளம். சிறகின் மேல் பூசுவதற்காகத் தன் உடம்பின் அளவுகளையே அமைத்துக்கொண்ட பூ அபூர்வம்.

மார்த்தாண்டம் தேனீயால் பெயர் பெற்ற ஊர். புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டங்களில் வைக்கும் பெட்டிகளிலிருந்து வருகிறது. அந்த ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதே இல்லை. தளிர் இலையின் காம்பு முனையில் உள்ள சுரப்பிகளில் ஊறும் இனிப்பைத்தான் தேனீ சேகரிக்கிறது. இத்தனை தேனீக்கள் சுற்றும் ஊரில் மேந்தோன்னியின் பூவோ வண்ணத்துப்பூச்சியின் சிறககலத்துக்கு அளவெடுத்து நிற்கிறது. தேனீயின் சின்ன உடம்பு ஓர் இதழின் அடியில் தேன் குடித்துவிட்டு மகரந்தப் பையையோ சூல்முடியையோ தொடாமலே திரும்பிவிட முடியும்.

இதுவரை சொன்னது கண்ணுக்குத் தெரியும் பிடிகள். கண்ணுக்குத் தெரியாத பிடி ஒன்று இந்தச் செடியின் கிழங்கிலும் விதையிலும் இருக்கிறது. அதன் பெயர் கோல்கிசின்.

செடிகள் தற்காப்புக்காகச் சமைக்கும் நைட்ரஜன் சேர்ந்த வேதிப்பொருள்களை ஆல்கலாய்டு என்பார்கள். காப்பியின் கஃபீன், புகையிலையின் நிகோடின் எல்லாம் அந்த வகை. கோல்கிசினும் அதில் ஒன்று. முதலில் அதைப் பிரித்தெடுத்தது ஐரோப்பியப் புல்வெளிகளில் வளரும் கோல்கிக்கம் என்ற செடியிலிருந்து, ஆண்டு 1820. நம் கொடியிலும் அது உண்டென்று 1915-ல் தெரியவந்தது. கோல்கிக்கம் தரையோடு ஒட்டிய ஊதாப் பூ. இதுவோ ஏறும் நெருப்பு. தோற்றத்தில் ஒட்டே இல்லாத இந்த இரண்டும் ஒரே குடும்பம். வேதியியல் முதலில் காட்டிய அந்த உறவைப் பின்னாளில் மரபணுக்களும் உறுதிசெய்தன.

கோல்கிசின் என்ன செய்கிறது என்று பார்க்க, நம் உடம்பின் ஒரு செல்லுக்குள் போக வேண்டும். அங்கே நுண்குழல் என்ற கயிறுகள் ஓடுகின்றன. தலைமுடி ஒன்றின் குறுக்களவை மூவாயிரம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவு மெல்லியதாக இருக்குமோ அவ்வளவு மெல்லிய கயிறு. டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் செங்கல் மேல் செங்கலாக அடுக்கி எழுவதால் கயிறு நீளும், துண்டுகள் உதிர்வதால் குறுகும். நொடிதோறும் இந்தக் கட்டலும் கலைத்தலும் நடந்துகொண்டே இருக்கும். செல் இரண்டாகப் பிரியும்போது, இரட்டிப்பான குரோமோசோம்களைப் பிரித்து ஆளுக்கொரு பக்கமாக இழுத்துச் செல்வதும் இந்தக் கயிறுகள்தாம்.

கோல்கிசின் மூலக்கூறு டியூபுலினைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததும் அந்தத் துண்டு நேராக நிமிர முடியாமல் வளைந்தே நின்றுவிடும். சூளையில் கோணிப்போன செங்கல்லைச் சுவரில் வைத்தால் அதற்கு மேல் அடுத்த வரிசை உட்காருமா? கயிறு வளர்வது நின்றுபோகும். உதிர்வது மட்டும் தொடரும். குரோமோசோம்கள் இழுத்துச் செல்ல ஆளில்லாமல் செல்லின் நடுவில் அப்படியே நிற்கும். டியூபுலின் என்ற புரதத்தையே விஞ்ஞானிகள் இந்தப் பிடியை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். சிகாகோவில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் 1967-ல் கதிரியக்க அடையாளம் இட்ட கோல்கிசினைச் செல்லுக்குள் விட்டு, அது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தேடினார்கள்.

நின்றுபோன குரோமோசோம்களால் மனித குலத்துக்கு ஒரு பெரிய உண்மை கிடைத்தது. நமக்கு எத்தனை குரோமோசோம்? முப்பது வருடத்துக்கும் மேலாகப் பாடநூல்கள் 48 என்றே சொல்லிவந்தன. பின்னிக் கிடக்கும் நூல்கண்டை நுண்ணோக்கியில் எண்ணுவது அவ்வளவு கடினம். சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் கோல்கிசினால் செல்களைப் பாதிப் பிரிவில் நிறுத்தி, உப்புச் செறிவு குறைந்த நீரில் அவற்றை உப்பவைத்துக் குரோமோசோம்களைத் தனித்தனியாகப் பரப்பினார்கள். எண்ணினால் 46. அது வெளியானது 1956-ல். மார்த்தாண்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே வருடம். வேலியில் மேந்தோன்னி பூத்துக்கிடந்த ஓர் ஊரில் யாருக்கும் தெரியாது, அதன் கிழங்கிலுள்ள பொருள்தான் மனிதரின் குரோமோசோம்களை எண்ணிக் காட்டியது என்று.

விதையில்லாத் தர்ப்பூசணி தின்றவர்களும் இந்த மூலக்கூறுக்குக் கடன்பட்டவர்கள். கயிறு அறுந்த செல் பிரியாமல் போனால், இரட்டிப்பான குரோமோசோம்கள் ஒரே செல்லில் தங்கிவிடும். தர்ப்பூசணிக்கு 22. கோல்கிசின் தொட்ட முளையில் அது 44 ஆகும். 44 உள்ளதையும் 22 உள்ளதையும் கலந்தால் பிள்ளைக்கு 33. ஒற்றைப்படை எண்ணால் சரிசமமாக ஜோடி சேர முடியாது, விதை உருவாகாது, சதை மட்டும் திரளும். ஜப்பானின் ஹிட்டோஷி கிஹாரா இப்படித்தான் அந்தப் பழத்தை உருவாக்கினார்.

மருந்துக்கடையிலும் கோல்கிசின் உண்டு. யூரிக் அமிலப் படிகங்கள் கால் பெருவிரல் மூட்டில் ஊசிபோல் சேர்வதால் வரும் ‘கவுட்’ வலிக்கு அது பழைய மருந்து. வலிக்கும் வீக்கத்துக்கும் காரணம், அங்கே பாய்ந்துவரும் வெள்ளை அணுக்கள். அவை ஊர்ந்துவரவும் உள்ளேயிருப்பதை வெளியே கொட்டவும் கயிறு வேண்டும். சிறிதளவு மருந்தால் அந்தக் கயிற்றைச் சற்றுத் தளர்த்தினால் கலவரம் அடங்குகிறது. 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு ஆபத்தைக் குறைக்க நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் கோல்கிசினை அனுமதித்தது. அரை மில்லிகிராம் என்றால் சாப்பாட்டு உப்பில் ஏழெட்டுத் துகள்.

மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகியது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. மரச்சீனியும் சீனிக்கிழங்கும் தோண்டித் தின்கிற மண் நம்முடையது. இலங்கையில் இந்தக் கிழங்கை வள்ளிக்கிழங்கென்று நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பிறகுதான் உண்மையான அழிவு. உடம்பில் எந்தச் செல்கள் ஓயாமல் பிரிகின்றனவோ அவை முதலில் நிற்கும். குடலின் உட்சுவர் சில நாட்களுக்கொருமுறை புதிதாகிறது. எலும்பு மஜ்ஜை ஒரு நொடிக்கு இருபது லட்சம் சிவப்பணுக்களுக்கும் மேல் செய்கிறது. இரண்டுக்கும் கயிறு வேண்டும். பிழைத்தவர்களுக்குச் சில நாட்கள் கழித்துத் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிரும். முடியின் வேரும் ஓயாமல் பிரியும் இடம்தானே. இதற்கு மருத்துவமனைகளில் எளிதாகக் கிடைக்கும் முறிமருந்து கிடையாது. சித்த, ஆயுர்வேத மரபுகள் இந்தக் கிழங்கைச் சுத்திசெய்யாமல் தொடக் கூடாத நஞ்சுகளின் வரிசையில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

அப்படியானால் இந்தச் செடி எப்படி உயிரோடு இருக்கிறது? அதன் செல்லுக்குள்ளும் நுண்குழல்கள் உண்டு. அதன் செல்களும் பிரிகின்றன. விருந்தாளியைக் கொல்லும் சாப்பாட்டைச் சமைப்பவர் தினமும் ருசிபார்ப்பது போன்ற நிலை. ஆனால் தாவரங்களின் டியூபுலின் அமைப்பில் சற்று வேறுபட்டது. கோல்கிசினுக்கு அங்கே சரியான பிடி கிடைப்பதில்லை. விலங்குச் செல்லை நிறுத்தும் அளவைவிடப் பல நூறு மடங்கு கொடுத்தால்தான் சாதாரணத் தாவரச் செல் நிற்கும். கோல்கிசினைத் தாமே சமைக்கும் குடும்பத்துச் செல்கள் அதற்கும் அசையாதவை. ஆடுமாடுகளின் பூட்டுக்குப் பொருந்தும் சாவியைச் செய்த செடி, தன் வீட்டுப் பூட்டை வேறு மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறது.

அந்தச் சாவியை எப்படிச் செய்கிறது என்பது நீண்ட காலம் புதிராக இருந்தது. உயிர்களின் வேதிப்பொருள்களில் ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் வளையம் சர்வசாதாரணம். கோல்கிசினில் ஏழு அணு வளையங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்காக மேந்தோன்னி முதலில் ஆறு பேர் வட்டத்தைத்தான் கட்டுகிறது. பிறகு ஒரு நொதி, வெளியே பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஏழாவது ஆளை இழுத்து, வட்டத்தின் கைகளை விலக்கி நடுவே நிறுத்திவிடுகிறது. 2020-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அந்த நொதியைக் கண்டார்கள். ஆராய்ந்த செடி கோல்கிக்கம் அல்ல, நம் குளோரியோசா. அதிலிருந்து எட்டு மரபணுக்களைப் பிரித்தறிந்து, மற்றவற்றோடு சேர்த்து மொத்தம் 16 நொதிகளைப் புகையிலையின் உறவுச்செடி ஒன்றுக்குள் வைத்தார்கள். பருப்பிலும் முட்டையிலும் இருக்கும் இரண்டு அமினோ அமிலங்களிலிருந்து தொடங்கி, கோல்கிசினுக்கு மிக நெருங்கிய முன்வடிவம்வரை அந்தச் செடி சமைத்துக் கொடுத்தது.

ஆனாலும் இன்றும் மாத்திரைக்கு வேண்டிய கோல்கிசின் செடியிலிருந்துதான் வர வேண்டும். காட்டுக்கிழங்கைத் தோண்டி எடுத்தால் நடந்துவந்த பரம்பரையே அந்த இடத்தில் முடிந்துபோகும். மலைச்சரிவுகளில் பல இடங்களில் அப்படி முடிந்தும் இருக்கிறது. விதையை மட்டும் எடுத்தால் கிழங்கு மண்ணிலேயே இருக்கும். தமிழ்நாட்டில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கத்து வறண்ட செம்மண்ணில் விவசாயிகள் இதைப் பயிராகவே வைக்கிறார்கள். ஆடிப்பட்டத்தில் கிழங்கை ஊன்றி, கொடி ஏறக் கம்பியும் முள்ளும் கட்டிவிடுவார்கள். விதை கிலோ ஆயிரங்களில் பேசப்படும், பெரும்பாலும் வெளிநாட்டுக்குப் போகும்.

ஏக்கர் கணக்கில் பூத்த வயலுக்குப் போதுமான வண்ணத்துப்பூச்சிகள் வராது. அதனால் பூக்காலத்தில் வெயில் ஏறுவதற்கு முன்பே ஆட்கள் வயலில் இறங்கிவிடுகிறார்கள். ஒரு பூவின் மகரந்தப் பையை இரண்டு விரலால் மெல்லப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி நிற்கும் அந்தக் கோணல் சூல்தண்டைத் தேடி, அதன் முனையில் ஒரு தடவல். பிறகு அடுத்த பூ. மதியத்துக்குள் பாத்தியின் கடைசிக் கொடி வரைக்கும் போக வேண்டும். மஞ்சள் தூள் விரல் நுனிகளில் ஒட்டியிருக்கும், சாப்பாட்டுக்கு உட்காருமுன் அதை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவார்கள்.